ஸ்காட்லாந்துக்காரரைத் தேடிப்போன இடத்தில் குணராசா

பதினெட்டு வருடங்களாக நான் ஒரே ஒரு ஆண்பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று என் கணவர் சொல்வார். அந்த ஆண்பிள்ளை செத்து இருநூறு வருடம் ஆகப்போகிறது என்பதால் பொறுத்துக்கொள்கிறார். பாளையங்கோட்டையில் என்னிடம் ஆங்கில இலக்கியம் படித்த பெண்கள் அவருக்கு 'டீச்சரோட ஸ்காட்லாந்துக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நீதிபதி வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்காகச் சட்டம் படித்தார், தனக்காகக் குடித்தார். இரண்டுக்கும் நடுவில் அன்றாடம் டைரி எழுதினார். இருபத்திரண்டு வயதில் லண்டனில் ஒரு கிழட்டு அகராதி அறிஞரைச் சந்தித்தார். அதிலிருந்து இருபது வருடம், அந்த மனிதர் வாயைத் திறந்து சொன்னதையெல்லாம் குறித்துவைத்தார். பெரியவர் இறந்தபின் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதினார். அகராதியை இன்று யாரும் புரட்டுவதில்லை; அறிஞர் மட்டும் அந்த வரலாற்றுக்குள் சாப்பிட்டுக்கொண்டும் திட்டிக்கொண்டும் உயிரோடு இருக்கிறார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம் ஹனோவரில் வாழ்க்கை வரலாறு எழுதுவது பற்றி ஒரு கருத்தரங்கு. என்னையும் கூப்பிட்டார்கள். விசாவுக்கு அலைந்த கதையைச் சொல்லி உங்கள் நேரத்தைத் தின்னப்போவதில்லை. நான் துள்ளிக் குதித்ததற்குக் காரணம் கருத்தரங்கு இல்லை. ஸ்காட்லாந்துக்காரரும் இருபத்துமூன்று வயதில், ஒரு கோடையில், இதே ஹனோவர் வழியாகப் போயிருக்கிறார். ஸ்பிரிங் இல்லாத தபால் வண்டியில் எலும்பு குலுங்கப் போய், வைக்கோலில் படுத்து எழுந்து, அடுத்த ஊரான பிரவுன்ஷ்வைக் அரண்மனையில் இளவரசியோடு நடனம் ஆடினார். பிரஷ்ய ராஜாவின் கண்ணில் படவேண்டும் என்று நீலத் தொப்பி வைத்துக்கொண்டு அணிவகுப்பில் போய் நின்றார். ராஜா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தடத்தில் நானும் போகப்போகிறேன்!

முதல் நாள் என்னை ரயில் நிலையத்தில் வரவேற்ற பேராசிரியை ஹில்டே, நேராக வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டார். தட்டில் வெள்ளை வெளேரென்று விரல் தடிமனில் ஆறு குச்சிகள், மேலே உருக்கிய வெண்ணெய். நான் அவற்றை முருங்கைக்காய் என்று தீர்மானித்து, மென்று சாறை உறிஞ்சி, சக்கையைத் தட்டோரத்தில் ஒதுக்கினேன். ஹில்டே மரியாதை தெரிந்தவர். மூன்று குச்சிவரை பொறுத்திருந்தார். "எங்கள் ஊரில் அதை முழுவதும் விழுங்குவோம்," என்றார் பிறகு. அது தண்ணீர்விட்டான் கிழங்கின் வெளிநாட்டுப் பங்காளியாம். ஜூன் கடைசிக்குள் பருவம் முடிந்துவிடுமாம். நம்மூரில் மாம்பழத்துக்குத் தவிப்பதுபோல் இங்கே இதற்குத் தவிக்கிறார்கள்.

வியாழக்கிழமை என் கட்டுரையை வாசித்தேன். தனியறையில் நண்பர்கள் பேசியதையெல்லாம் ஸ்காட்லாந்துக்காரர் அச்சில் போட்டுவிட்டார், அதனால் பலர் கோபித்தார்கள், சிலர் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். அவர் செய்ததில் தப்பில்லை என்பதுதான் என் வாதம். 'சொன்னது உண்மை, எழுதியதும் உண்மை. அதற்கு மேல் என்ன வேண்டும்?' என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டாரா?" என்றாள்.

"கேட்டிருந்தால் புத்தகமே வந்திருக்காது," என்றேன். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு அன்று ராத்திரிவரை இனித்தது.

வெள்ளிக்கிழமை பிரவுன்ஷ்வைக்குக் கிளம்பினேன். ஹில்டே தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்: எந்த நடைமேடை, எத்தனை மணி, எத்தனை நிமிடம். அவர் எழுதாமல் விட்டது ஒன்றுதான். நடைமேடைக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வண்டி நிற்கும். திருநெல்வேலியில் இந்தச் சங்கடமே கிடையாது. தப்பு வண்டி என்றால் நாலு பேர் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள். இங்கே யாரும் கத்தவில்லை. டிக்கெட் பரிசோதகர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நான் இறந்துபோன செய்தியை என்னிடமே சொல்பவர்போல வருத்தத்தோடு தலையசைத்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். "இரண்டு மணி நேரத்தில் திரும்புகிற வண்டி வரும்," என்றார்.

குட்டி ஊர். ஒரு நடைமேடை, ஒரு கடிகாரம், செவ்வந்திப்பூத் தொட்டி இரண்டு. வேறு ஒன்றும் இல்லை என்று நினைத்து உட்காரப் போனபோது காதில் விழுந்தது:

"இண்டைக்கு மூண்டு நிமிசம் பிந்தி. எழுதும்."

தமிழ்! நான் திரும்பிய வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது. அடுத்த பெஞ்சில் இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நல்ல பருத்த உடம்பு, கையில் ஒரு பழைய பைக்கடிகாரம். மற்றவர் ஒல்லி, முப்பத்தைந்துக்குள், மடியில் ஒரு நோட்டு, பென்சில்.

"நீங்க தமிழா?" என்று கேட்டேன். குரல் கிறீச்சிட்டது.

"ஓம். நீங்கள் இந்தியாவோ? அது கதையிலையே தெரியுது. இருங்கோ, இருங்கோ. ஏன் இஞ்சை இறங்கினனீங்கள்? இஞ்சை ஆரும் இறங்கிறேல்லை," என்றார் பெரியவர்.

"தப்பான ட்ரெயின்ல ஏறிட்டேன்."

"பிழையான ரயில் எண்டு ஒண்டில்லை, தங்கச்சி. பிழையான ஆள்தான் இருக்கும்," என்றார். பக்கத்திலிருந்தவரின் பென்சில் ஓடியது.

பெரியவர் பெயர் பொன்னுத்துரை. இலங்கையின் வடபகுதி ரயில் பாதையில் இருபத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இப்போது ஊருக்கு வெளியே ஒரு பழைய விடுதியில், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை, இன்னும் ஒன்பது யாழ்ப்பாணத்தாரோடு தங்கியிருக்கிறார். தினமும் பத்து மணிக்கு இங்கே வந்து வண்டிகள் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பார். யாரும் கேட்கவில்லை. அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"நேரத்துக்கு வாற ரயிலுக்கு ஸ்ரேசன் மாஸ்ரர் எதுக்கு? சனத்துக்குச் சமாதானம் சொல்லத்தானே நாங்கள் இருந்தனாங்கள். இஞ்சை எனக்கு வேலையே இல்லை," என்றார். பென்சில் ஓடியது.

ஜெர்மன் ரொட்டி பற்றிக் கேட்டேன். "இவையின்ரை பாண் தின்னுறதுக்கில்லை, வீடு கட்டுறதுக்கு." பென்சில். அலுவலகங்கள் பற்றிக் கேட்டேன். "நாங்கள் ஊரிலை நாள் பாத்துப் போவம். இவை நாள் குடுத்துக் கூப்பிடுவினம். அதுக்குப் பேர் டெர்மின். அகதிக்கு மூண்டு பாஷை வேணும் தங்கச்சி: தன்ரை பாஷை, இவையின்ரை பாஷை, போமிலை நிரப்புற பாஷை." பென்சில், பென்சில், பென்சில்.

குனிந்து நோட்டைப் பார்த்தேன். எழுத்தே இல்லை, வளைவும் புள்ளியும் கோடுமாகக் கொசுக்கள் ஊர்ந்ததுபோல் இருந்தது.

"சுருக்கெழுத்து," என்றார் ஒல்லியானவர். குணராசா என்று பெயர். "ஊரிலை கோட்டிலை வழக்கு எழுதுற வேலை. ஒன்பது வருசம் மற்ற ஆக்கள் சொன்னதை எழுதினனான். கை சும்மா இருக்க ஏலாது. அண்ணை வேறை நல்லாக் கதைப்பார்."

கதைப்பார் என்றால் கதை சொல்வார் என்று நான் நினைத்தேன். பேசுவதையே அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று புரியச் சற்று நேரமானது.

"இவர் எழுதுறது உங்களுக்குத் தெரியுமா?" என்று பொன்னுத்துரையிடம் கேட்டேன்.

"தெரியும். அதுக்காகத்தான் கொஞ்சம் திருத்திக் கதைக்கிறன்."

பதினெட்டு வருடம் கரும்பலகை முன்னால் நின்று நான் விளக்கிய காட்சி இது. பேசுகிற பருத்த மனிதர், எழுதுகிற ஒல்லி மனிதர். ஸ்காட்லாந்துக்காரரும் முதலில் இப்படித்தான் பாதிச் சொற்களில் கிறுக்கி வைத்து, பின்னால் விரித்து எழுதுவார். லண்டன் மதுக்கடையில் நடந்தது ஜெர்மனியின் ஒரு குட்டி ரயில் நிலையத்தில், யாழ்ப்பாணத் தமிழில் நடந்துகொண்டிருக்கிறது. நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தானும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

நான் டீச்சர் என்று சொல்லி, ஸ்காட்லாந்துக்காரரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அவர் எழுதிய காகிதங்களைக் கண்டு குடும்பத்தார் வெட்கப்பட்டதை, நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் காட்டாததை, எரிந்துபோயிருக்கும் என்று உலகமே நம்பியதை, இந்த நூற்றாண்டில் அயர்லாந்துக் கோட்டை ஒன்றில் அலமாரிக்குள்ளிருந்து அவை வெளிவந்ததை. பிரான்சில் ஒரு கடைக்காரர் அவருடைய கடிதங்களைப் பொட்டலம் மடிக்கப் பயன்படுத்தினார் என்றதும் குணராசா தன் நோட்டை மூடி மார்போடு வைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட எத்தனை நோட்டு இருக்கு?"

"பதினொரு கொப்பி, ரீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னார்கள். "விண்ணப்பம் முடியுமட்டும் மாவட்ட எல்லைக்கு வெளியிலை போக எங்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள்தான் வரவேணும்," என்றார் பொன்னுத்துரை. வண்டி வந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரியான நேரம்," என்றார் ஏமாற்றத்தோடு.

சனிக்கிழமை ஒருவழியாகப் பிரவுன்ஷ்வைக் போய்ச் சேர்ந்தேன். இளவரசியோடு நடனம் நடந்த அரண்மனை எங்கே என்று ஒரு மூதாட்டியைக் கேட்டேன். "அரண்மனையா? தாமதமாக வந்துவிட்டீர்கள்," என்றார். எவ்வளவு தாமதம்? ஸ்காட்லாந்துக்காரர் ஆடிய அரண்மனை போன நூற்றாண்டிலேயே எரிந்துபோனதாம்; அதே இடத்தில் பின்னால் கட்டியதையும் கால் நூற்றாண்டுக்கு முன் இடித்துவிட்டார்களாம். இருந்தது புல்வெளி. ஜோடிகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். வேறொரு சமயம் என்றால் அழுதிருப்பேன். அன்று எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு ஐஸ்கிரீம் வாங்கிப் புல்லில் உட்கார்ந்து, குணராசாவிடம் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசையாக எழுதினேன். நாற்பத்திரண்டு வந்தது.

ஞாயிறு. அந்த விடுதி ஒரு காலத்தில் வண்டிக்காரர்கள் தங்கிய சத்திரமாம். வாசலில் இன்னும் ஒரு இரும்பு மான் தொங்கியது. உள்ளே மீன் குழம்பு மணம் தூக்கியது. நான் பெரிய புன்னகையோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

எட்டுப் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசைமேல் பதினொரு கொப்பிகள் அடுக்கப்பட்டிருந்தன. குணராசா சுவரோரம் ஒரு நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலக்கரி அடுப்பின் கதவைத் திறந்து பிடித்தபடி ஓர் இளைஞர். வசந்தன் என்று பிறகு தெரிந்தது.

நடந்தது இதுதான். காலையில் போர்வை மடிக்கும்போது குணராசாவின் மெத்தைக்கு அடியில் கொப்பிகளை வசந்தன் பார்த்திருக்கிறார். பொன்னுத்துரையின் பேச்சை மட்டும் எழுதுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதினொரு கொப்பி! அதுவும் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில்! பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பெயர்களின் முதலெழுத்து மட்டும் தமிழில். வ, வ, வ என்று வசந்தன் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"ஆருக்கு எழுதுறாய்? ஒஃபிசுக்கோ? எம்பசிக்கோ? ஊரிலை ஆருக்கும் அனுப்புறியோ?" என்றார் வசந்தன். "அடுத்த கிழமை எனக்கு விசாரணை. நான் இஞ்சை கதைக்கிறதெல்லாம் உதிலை கிடக்கு. எங்கடை வீட்டுச் சனம் இன்னும் அங்கைதான் இருக்கினம்."

"ஒருத்தருக்கும் இல்லை, வசந்தன். சத்தியமா ஒருத்தருக்கும் இல்லை," என்றார் குணராசா.

"ஒருத்தருக்கும் இல்லாமல் விசர் பிடிச்சவனோ எழுதுவான்?"

"தம்பி, அவன் நான் கதைக்கிறதை..." என்று தொடங்கினார் பொன்னுத்துரை.

"நீங்கள் கதையாதேங்கோ அண்ணை. நீங்கள் கதைச்சுத்தான் இவ்வளவும்."

முதல் கொப்பி அடுப்புக்குள் போக இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குறுக்கே போய் நின்று அடுக்கின்மேல் கையை வைத்தேன். ஸ்காட்லாந்துக்காரரின் வாரிசுகள் அவமானம் என்று மை தடவி அழித்த பக்கங்கள் எனக்கு நினைவு வந்தன. "ஒரு நிமிஷம்! இதுல என்ன இருக்குன்னு தெரியாமலே எரிக்கிறதா? அவர் படிக்கட்டும், கேப்போம்."

"அவர் இருக்கிறதை விட்டுட்டு வேறை ஏதும் வாசிப்பார். எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் வசந்தன்.

நியாயமான கேள்வி. ஒரு விநாடிதான் யோசித்தேன். வழி வந்துவிட்டது, அதுவும் எவ்வளவு அழகான வழி! "நீங்களே ஒரு பக்கம் எடுங்க. அவர் படிப்பார், நான் எழுதிக்கிறேன். அப்புறம் சாப்பிடுவோம். சாப்பிட்ட பிறகு அதே பக்கத்தை மறுபடி காட்டுவோம். பொய்யா படிச்சிருந்தா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வராது. கூடவே அவர் முதல்ல படிக்காத வேற பக்கமும் கலந்து காட்டுவோம்."

வசந்தன் நான்காம் கொப்பியில் ஒரு பக்கத்தையும் ஒன்பதாம் கொப்பியில் ஒரு பக்கத்தையும் விரித்தார். குணராசா எழுந்து நின்று, கோர்ட்டில் நிற்பவர்போல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். முதல் பக்கத்தில் துணி காயப்போடும் கொடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டை, கெட்ட வார்த்தை உட்பட. இரண்டாவதில் பொன்னுத்துரை தன் கல்யாணத்துக்கே ரயில் தாமதமாகி மாப்பிள்ளை லொறியில் போன கதை. நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

பிறகு சாப்பாடு. சிரிப்பில்லாத சாப்பாடு. டின் மீன் குழம்பு, பருப்பு, குழைந்துபோன சோறு, "கோவா வறை போடட்டோ?" என்று ஒருவர் கேட்டதும் எனக்கு ஏதோ இனிப்பு வருகிறது என்று வாய் ஊறியது. முட்டைக்கோஸ் பொரியல் வந்தது, தேங்காய்த்துருவலோடு. மிளகாய்த்தூள் உச்சந்தலைவரை ஏறியது. ஒரு வாரமாக வெண்ணெயில் ஊறிக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

கை கழுவியதும் வசந்தன் பக்கங்களைக் கலைத்துக் கொடுத்தார். குணராசா வாசித்தார். நான் என் தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். சொல்லுக்குச் சொல். "அந்தக் கயிறு உன்ரை கொப்பற்றை சீதனமோ" என்ற வரி அப்படியே வந்தபோது, அதைச் சொன்னவரே வெடித்துச் சிரித்துவிட்டார். "நான் சொன்னனான்தான்! அப்பிடியேதான் சொன்னனான்!" புதிதாகக் கலந்த பக்கத்தில் இன்னொருவர் தன் குரலைக் கேட்டு மேசையைத் தட்டினார். அறை கலகலத்தது. பொன்னுத்துரை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் ஜெயித்துவிட்டேன். தாளைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா? உண்மை! ஒவ்வொரு சொல்லும் உண்மை!" என்று கூவினேன்.

"இன்னும் ஒண்டு," என்றார் வசந்தன். ஏழாம் கொப்பியில் 'வ' போட்ட ஒரு பக்கத்தை விரித்தார்.

குணராசா பார்த்தார். கொப்பியை மூடினார். "இதை வாசிக்க ஏலாது."

"ஏன்?"

"ஏலாது."

சிரிப்பு நின்றது. "பாத்தியளோ! பாத்தியளோ!" என்றார் வசந்தன். என் வெற்றி கையை விட்டு நழுவுவதுபோல் இருந்தது எனக்கு. அதை மட்டும்தான் நினைத்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன். "படிங்க, குணராசா," என்றேன். "உண்மைதானே, படிக்கிறதுக்கு என்ன? படிங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படித்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்ததை நான் இங்கே எழுதமாட்டேன். வசந்தன் எந்த வழியாக, எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்று ஒருநாள் தன்னை மறந்து சொன்னது. அலுவலகத்தில் அவர் சொல்லியிருந்ததோடு அது ஒத்துப்போகாது. இவ்வளவு போதும். ஒன்பது பேர் முன்னால், யாரோ ஒரு இந்தியாக்காரி முன்னால், அது வாசிக்கப்பட்டது. வாசிக்கச் சொன்னவள் நான்.

வசந்தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம்கூட இல்லை. "இப்ப விளங்குதோ ரீச்சர்? பொய் எழுதியிருந்தால் எனக்கென்ன பயம்? அவர் ஒண்டும் மாத்தாமல் எழுதுறவர். அதுதான் பயம்."

என் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைக்க இடம் தெரியாமல் மடித்துக்கொண்டே இருந்தேன். "மன்னிச்சிருங்க," என்றேன்.

குணராசாதான் எழுந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்து வசந்தனின் கையில் கொடுத்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "முதலாம் கொப்பியிலை இருந்து வருவம். ஒவ்வொருத்தரா வந்து இருங்கோ. உங்கடை உங்கடை கதையைக் காதுக்குள்ளை சொல்லுறன். வேண்டாம் எண்டால் கிழிச்சுத் தாறன். வைச்சிருக்கலாம் எண்டால் வைச்சிருக்கிறன்," என்றார். "முதலே கேட்டிருக்க வேணும். கோட்டிலை ஆரும் கேக்கிறேல்லை. எனக்கு அது தெரியாமல் போச்சு."

பிற்பகல் முழுவதும் அது நடந்தது. ஒவ்வொருவராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து காதைக் கொடுத்தார்கள். சிலர் முகம் சிவந்தது. சிலர் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சில பக்கங்கள் கிழிபட்டன. கயிற்றுச் சண்டைக்காரர் மட்டும் தன் கெட்ட வார்த்தையில் ஒரு எழுத்துகூடக் குறையக்கூடாது என்று உத்தரவு போட்டார். பொன்னுத்துரை ஒரு பக்கம்கூடக் கிழிக்கவில்லை; இரண்டு இடங்களில் தான் இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்பட்டு, மாற்றலாமா என்று கேட்டார். குணராசா மாட்டேன் என்றுவிட்டார்.

என் வண்டி ஒன்று போயிற்று. அடுத்ததும் போயிற்று. போகட்டும் என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் செய்யத் தெரிந்த உதவி அது ஒன்றுதான். என் நாற்பத்திரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியாக வசந்தன் போய் உட்கார்ந்தார். மொத்தம் நான்கு பக்கம். நான்கையும் அடுப்பில் போட்டு, எரிந்து முடிகிறவரை நின்று பார்த்தார். வெளியே இன்னும் நல்ல வெயில்; இந்த நாட்டில் ஜூன் மாதத்துச் சூரியனுக்கு வீட்டுக்குப் போக மனமே வராது. நான் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

"குணாண்ணை," என்றார் வசந்தன். நான் வந்ததிலிருந்து அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எரிச்சதுக்குப் பதிலா ஒண்டு சொல்லட்டோ? எழுதுவியளோ?"

"ஓம். சொல்லும்."

வசந்தன் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து வெளியே போகப்போனேன். "இருங்கோ ரீச்சர். இது அக்காவைப் பற்றி. நீங்களும் கேக்கலாம். எழுதவும் எழுதலாம். எழுதினால் நல்லது," என்றார்.

அவருக்கு ஒரு அக்கா இருந்தார். தையல் மெஷின் வைத்திருந்தவர். வாய் ஓயாது, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசியே தெரு முழுக்கக் கேட்கும் குரலாகிவிட்டதாம். போன வருடம் இல்லாமல் போய்விட்டார். எப்படி என்று வசந்தன் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. "அவ ஒரு நாளைக்கு ஆயிரம் கதை கதைப்பா. அதிலை ஒண்டையும் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை. எனக்கு அஞ்சாறுதான் ஞாபகம் இருக்கு. அதுவும் போகமுந்தி..."

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, உதட்டில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே அக்கா எப்படிப் பேசுவார் என்று நடித்துக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரியை அக்கா திட்டிய விதம். பொன்னுத்துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு சொல்கூடக் குறுக்கே பேசவில்லை. அறையே சிரித்துக்கொண்டிருந்தது. பென்சில் ஓடிக்கொண்டேயிருந்தது.

"நான் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் எனக்கு ஒரு காற்சட்டை தைச்சுத் தந்தவ. தந்துபோட்டுச் சொன்னவ: 'டேய், அங்கை போய்க் கொழுத்தால் பிரிச்சு விடுறதுக்கு இடுப்பிலை ரெண்டு இஞ்சி உள்ளுக்கு மடிச்சு விட்டிருக்கிறன். மெலிஞ்சால் மட்டும் எனக்கு எழுதாதை.'"

பென்சில் நின்றது. குணராசா நிமிர்ந்து பார்த்தார்.

"'ரெண்டு இஞ்சி' எண்டு சொன்னவவோ, 'ரெண்டங்குலம்' எண்டு சொன்னவவோ?"

வசந்தன் கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"'ரெண்டு இஞ்சி'," என்றார். "'ரெண்டு இஞ்சி' எண்டுதான் சொன்னவ. இப்பக் கேக்குது."

குணராசா எழுதினார்.